மைக் செட் கேட்டு வளர்ந்த காதுக்கு டெக்னோ: நீங்கள் கண்டெடுத்தது எது?

மைக்செட்_கொழிஞ்சாம்பாறை

ஏழெட்டு வருடமாக டெக்னோவை, அதாவது இயந்திரத் தாளத்தில் ஓடும் மின்னணு இசையைத் தேடித் தேடிக் கேட்டு வருகிறேன், எழுத இன்றுதான் வாய்த்தது. கொஞ்சம் நீளமாகப் போகும்.

கொழிஞ்சாம்பாறையில் அப்பாவுக்கு மைக் செட் கடை. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் கடைக்கு வருகிறவர்கள் பாதிக்கு மேல் தமிழ் பேசுகிறவர்கள், மாரியம்மன் நோம்பியிலிருந்து காதுகுத்து வரை எல்லைக்கு இரண்டு பக்கமும் எங்கள் செட்டு போகும். 15 இன்ச் பெட்டி எட்டு, குழாய் ஸ்பீக்கர் ஆறு, ஆஹூஜா ஆம்ப் இரண்டு. பள்ளி விடுமுறையில் எனக்கு ஒயர் சுற்றும் வேலை. இன்னொரு வேலையும் உண்டு. அப்பா ஆம்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்னைத் தெருமுனைக்கு அனுப்புவார், அங்கே நின்று எப்படிக் கேட்கிறது என்று பார்த்து ஓடி வந்து சொல்ல வேண்டும். நான் தெருமுனை தாண்டி வயல் வரப்பு வரை போய்விடுவேன். அங்கே பாட்டின் வார்த்தை எதுவும் தேறாது, அடி மட்டும் காற்றோடு வந்து போகும், கணவாய்க் காற்று திசை மாறும்போது ஒரு நொடி குரல் தெளிவாக வந்து மறுபடி கரைந்துவிடும். அந்தச் சத்தம் எனக்கு அந்தப் பாட்டை விடவே பிடித்திருந்தது. யாரிடமும் சொன்னதில்லை, எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

பல வருடம் கழித்து பேஸிக் சேனல் கேட்டேன். பெர்லின்காரர்கள் இரண்டு பேர், மார்க் எர்னஸ்டஸ், மோரிட்ஸ் ஃபான் ஓஸ்வால்ட், 1993 முதல் இந்தப் பெயரில் டெக்னோ இசைத்தட்டுகள் வெளியிட்டார்கள். 'குவாட்ரன்ட் டப்' என்று ஒன்று இருக்கிறது, கால் மணி நேரம் ஓடும், ஒரே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்) எக்கோவில் கரைந்து கரைந்து திரும்பி வரும், அடியில் பேஸ் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். இரண்டாவது நிமிடத்திலேயே நான் வரப்பில் நின்றேன்.

அங்கிருந்து பின்னால் போனால் ஜமைக்கா, கிங் டபி. கிங்ஸ்டன் நகரத்தில் ரேடியோவும் ஆம்ப்பும் ரிப்பேர் பார்த்துக்கொண்டு, டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிக்கொண்டு, சொந்தமாக ஒரு சவுண்ட் சிஸ்டமும் வைத்திருந்தவர். சவுண்ட் சிஸ்டம் என்றால் நம் மைக் செட்தான், தெருவில் பெட்டிகளை அடுக்கி ஊரைக் கூட்டுவது. ஏற்கெனவே பதிவான பாட்டை எடுத்து, குரலை நடுவில் அறுத்து, டிரம்மையும் பேஸையும் மட்டும் விட்டுவிட்டு, அறுந்த குரலின் வாலை எக்கோவில் மிதக்கவிடுவார். இதைத்தான் டப் என்கிறார்கள். 1970களில் மிக்ஸரையே வாத்தியமாக வாசித்த மனிதர். 1989-ல் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

போன வருடம் நோம்பி முடிந்து பெட்டிகள் ஷெட்டுக்குத் திரும்பிய இரவு, அடுக்குவதற்கு முன்னால் ஒரு பெட்டியில் டபி போட்டுப் பார்த்தேன். அப்பா ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். முழுதாக ஒரு பாட்டு முடிந்த பிறகு, "இது பாடுறவன் பாட்டு இல்லடா, மைக் செட்காரன் பாட்டு" என்றார். எனக்கு வேறு விமர்சனமே தேவைப்படவில்லை.

ஒரு வேண்டுகோள். இந்த வகையை போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு ஒன்றும் இல்லை என்று சொல்லாதீர்கள். அதில் பாதி இசை வெளியே வருவதே இல்லை. ஹெட்போனாவது வேண்டும்.

சரி, நீங்கள் எதைத் தேடினீர்கள், எப்படிக் கிடைத்தது?


வாளையார்_பஸ்

அண்ணா, நான் பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன். எனக்குக் கிடைத்தது பரியல். லண்டன் ஆள், 2007-ல் 'அன்ட்ரூ' என்ற ஆல்பம். யாருடைய பாட்டிலிருந்தோ எடுத்த குரலை மேலே கீழே இழுத்து, ஆணா பெண்ணா என்று தெரியாத மாதிரி ஆக்கி வைத்திருப்பார். பின்னால் மழை, தட்டு தேய்கிற கரகரப்பு, சாவி விழுகிற மாதிரி ஒரு சின்ன உலோகச் சத்தம், அதைத்தான் தாளமாகவே வைத்திருப்பார். இத்தனையும் சவுண்ட் ஃபோர்ஜ் என்ற சாதாரண ஒலித்திருத்த மென்பொருளில் கண்ணால் பார்த்துப் பார்த்து வெட்டி ஒட்டியது. மென்பொருளின் தாளக் கட்டத்தில் பூட்டாததால் அடி ஒவ்வொன்றும் கொஞ்சம் முன்னே பின்னே விழும். அதற்கு முந்தைய ஆல்பத்தில் 'நைட் பஸ்' என்றே ஒன்று உண்டு.

இதை எங்கே கேட்க வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும். கடைசி பஸ், ஜன்னலோரம், ஜூலை மழை, வாளையாரில் லாரிகள் வரிசையாக நிற்கும், அவற்றின் சிவப்பு விளக்கு கண்ணாடியில் வழிந்து ஓடும். வேறெங்கே கேட்டாலும் அது முக்கால்வாசிதான்.


பண்ணைப்புரம்_பக்கத்தூர்

நான் கொஞ்சம் எதிராகப் பேசப் போகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். நான் கம்பம் பக்கம். இளையராஜா பிறந்த பண்ணைப்புரத்துக்கு எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போய்விடலாம். 1986-ல் வந்த புன்னகை மன்னனிலேயே அவர் சின்தசைசர், சீக்வென்சர் எல்லாம் வைத்து வாசித்துக் காட்டிவிட்டார். ஒரே கார்டு கால் மணி நேரம் திரும்பி வருவதை விட, நாலரை நிமிடத்தில் அவர் கொண்டு வருகிற திருப்பங்கள் எனக்கு அதிகம். ஜெர்மனியில் யாரோ இரண்டு பேர் செய்ததைத் தேடிப் போவதற்கு முன்னால், நம்மிடம் இருப்பதை எத்தனை பேர் இப்படி உட்கார்ந்து கேட்டிருக்கிறோம்? உண்மையாகவே கேட்கிறேன்.


மைக்செட்_கொழிஞ்சாம்பாறை

அண்ணே, தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. எங்கள் கடையில் இன்றைக்கும் செட்டைப் பரிசோதிக்கப் போடுகிற முதல் பாட்டு ராஜா பாட்டுதான், பேஸ் கிட்டார் எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் அப்பா பெட்டியின் தரத்தைச் சொல்வார்.

ஆனால் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருவது வெளியிலிருந்து வந்தது என்று நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை. கேரளக் கோயில்களில் வாசிக்கும் பஞ்சாரி மேளம் கேட்டிருக்கிறீர்களா? ஆறு எண்ணிக்கைத் தாளம். முதல் காலத்தில் ஒரு சுற்று 96 அட்சரம். அடுத்தது 48. அப்புறம் 24, 12, கடைசியில் வெறும் 6. ஒவ்வொரு காலத்திலும் சுற்று பாதியாகச் சுருங்கும். முதல் காலத்தில் செண்டை, இலத்தாளம், கொம்பு, குழல் எல்லாம் இருந்தும் இரண்டு அடிக்கு நடுவில் மூச்சு விட இடம் இருக்கும், கேட்கிறவர்கள் சும்மா நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். மூன்றாம் காலம் தாண்டும்போது கைகள் தானாக மேலே போகும். ஐந்தாம் காலத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. மணிக்கணக்கில் போகிற விஷயம் இது, பாடல் வரி ஒன்று கிடையாது, ராகம் மாறாது, நடப்பதெல்லாம் காலத்தைச் சுருக்குவது மட்டும்தான்.

டெக்னோ இதே அல்ல. டெக்னோவில் வேகம் அப்படியே இருக்கும், மேலே அடுக்குவதும் எடுப்பதும்தான் வேலை. மேளத்தில் வேகமே ஏறுகிறது. ஆனால் காத்திருப்பதில் ஒரு சுகம் இருக்கிறதே, அது இரண்டிலும் ஒன்றுதான். எல்லைக்கு இந்தப் பக்கம் பிறந்தவனுக்கு அதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, நெம்மாறா வேலா திருவிழாவுக்கு அப்பா தோளில் உட்கார்ந்து போனபோதே வந்துவிட்டது.


பண்ணைப்புரம்_பக்கத்தூர்

மேளம் நேரில் கேட்டதில்லை. அடுத்த தடவை பாலக்காடு வந்தால் கூட்டிப் போங்கள் தம்பி. ராஜாவை இதோடு ஒப்பிட்டது என் தப்பு, அவர் வேறு வேலை செய்கிறார்.


ஏலக்காடு_பூப்பாறை

வணக்கம், நான் போடி. பூப்பாறையில் ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறேன். காலையில் ஜீப்பில் போடிமெட்டு ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவேன். ஜீப்பில் போடுகிற பாட்டுக்கும் எனக்கும் ஒத்து வராது, பெண்கள் பதினைந்து பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கும்போது அந்த அதிர்வு தலையைப் பிளக்கும். அதனால் நான் எதிர்த்திசையில் போனேன், எவ்வளவு குறைவாக இருந்தால் அது இன்னும் இசை என்று.

ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோ கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1975-ல் டாக்ஸி மோதி வீட்டில் படுத்திருந்தார். பார்க்க வந்த தோழி பழைய ஹார்ப் இசைத் தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். கஷ்டப்பட்டு எழுந்து அதைப் போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்த பிறகுதான், சத்தம் மிகக் குறைவாக இருப்பதும் ஒரு பக்க ஸ்பீக்கர் வேலை செய்யாததும் தெரிந்தது. மறுபடி எழ உடம்பில் தெம்பு இல்லை. வெளியே மழை. மழையை மீறி ஹார்ப்பின் உரத்த சுரங்கள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்து விழுந்தன. அங்கிருந்துதான் அவருக்கு ஆம்பியன்ட், அதாவது சூழலோடு கலந்து மெல்ல ஒலிக்கும் இசை என்ற யோசனையே பிடிபட்டது, 1978-ல் விமான நிலையத்துக்கென்று ஒரு ஆல்பமே போட்டார்.

இந்தக் கதை எனக்கு ஏன் இவ்வளவு நெருக்கம் என்றால், காய் உலர்த்தும் அறைக்குப் பக்கத்து அறையில்தான் என் மேசை. ஆடியில் தகரக் கூரை மேல் மழை விடாது. பக்கத்தில் விறகு வெடிக்கும், சூட்டில் காய் வாசனை எழும். அந்த நேரத்தில் ஹிரோஷி யோஷிமுரா போடுவேன், ஜப்பான்காரர், 1982-ல் 'மியூசிக் ஃபார் நைன் போஸ்ட் கார்ட்ஸ்'. ஒரு மின்பியானோவும் கொஞ்சம் சின்தசைசரும், அவ்வளவுதான். மழை அதன் மேல் விழுந்தால் கெட்டுப்போகாது, மழைக்கும் இடம் விட்டுத்தான் வாசித்திருக்கிறார்.

அப்புறம் எலியான் ராடிக். பிரெஞ்சுப் பெண்மணி. ஏஆர்பி 2500 என்ற சின்தசைசரை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஒரே ஒலியை, நகர்வதே தெரியாமல் நகர்த்துவார். முதல் தடவை கேட்டபோது பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். பிறகு ஒரு நாள் அம்மா கோயில் பஜனைக்காக சுருதிப்பெட்டியை ஆன் செய்துவிட்டு யாரோ கூப்பிட்டார்கள் என்று வெளியே போய்விட்டார். பாட்டு இல்லாத சுருதி மட்டும் வீட்டில் கால் மணி நேரம் இருந்தது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அந்த ஒலிக்குள்ளே சின்னச் சின்னதாக வேறு ஒலிகள் மேலே எழுந்து வருவது அப்போதுதான் காதில் பட்டது. அன்று இரவே ராடிக்குக்குத் திரும்பினேன், முழுதாகக் கேட்டேன்.


பதிமூணு_கண்

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு என் சுருதிப்பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நான் செங்கோட்டை. 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சி, இப்போது தென்காசி மாவட்டம். எங்கள் ஊரில் கண்ணை மூடிக்கொண்டாலும் ரயில் எங்கே போகிறது என்று சொல்வார்கள். மீட்டர் கேஜ் காலத்தில் தாத்தாவோடு புனலூர் போன சத்தம் வேறு, 2018-ல் அகலப் பாதையாகத் திறந்த பிறகு வருகிற சத்தம் வேறு. குகைக்குள் நுழையும்போது காது அடைக்கும், தென்மலைப் பக்கம் பதின்மூன்று கண் பாலத்தில் ஏறியதும் சத்தம் கீழே பள்ளத்தில் விழுந்து மெலிந்துவிடும். போனில் இதையெல்லாம் பதிவு செய்து வைத்துக்கொண்டு, இது எதற்கு என்று எனக்கே புரியாமல் இருந்தேன்.

பிறகுதான் தெரிந்தது இதற்கு ஒரு பரம்பரையே இருக்கிறதென்று. 1948-ல் பாரிஸில் பியேர் ஷேஃபர் ரயில் சத்தங்களை மட்டும் வெட்டி ஒட்டி ஒரு இசைத் துண்டு செய்தார், வாத்தியம் ஒன்றும் கிடையாது. நீராவி என்ஜின், சக்கரம், விசில், அவ்வளவுதான். பதிவு செய்த சத்தத்தை வைத்து இசை செய்வது அங்கேதான் தொடங்கியது என்று பல இடங்களில் எழுதியிருக்கும். அதற்கும் நான்கு வருடம் முன்னால், 1944-ல் கெய்ரோவில் ஹலிம் எல்-தப் என்ற இளைஞர் கம்பிப் பதிவுக் கருவியைக் கடன் வாங்கிக்கொண்டு போய், பேயோட்டும் சடங்கில் பெண்கள் பாடியதைப் பதிவு செய்து, மேல் சுரங்களை விட்டு மற்றதைக் குறைத்து, எதிரொலி சேர்த்து ஒன்று செய்திருக்கிறார். அவர் பெயரை யாரும் முதலில் சொல்வதில்லை. நான் சொல்வேன்.

1977-ல் ஜெர்மனி டுசல்டார்ஃபின் க்ராஃப்ட்வெர்க் குழு ரயிலுக்கென்று ஒரு ஆல்பம், அதில் சக்கரச் சத்தத்தையே இயந்திரத் தாளமாக்கினார்கள். அதைக் கேட்டுத்தான் நியூயார்க், டெட்ராய்ட் பையன்கள் பலர் எலெக்ட்ரோவுக்கும் டெக்னோவுக்கும் வந்தார்கள். எனக்குப் பிடித்தது கிறிஸ் வாட்சன். ஷெஃபீல்டின் கேபரே வோல்டேர் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், எஃகு ஆலை ஊரில் இரைச்சல் இசை செய்துகொண்டிருந்தவர், பிறகு அதை விட்டுவிட்டுப் பறவை, காற்று, பனிக்கட்டி என்று இயற்கைச் சத்தம் பதிவு செய்யப் போனார். 2011-ல் 'எல் டிரென் ஃபான்டாஸ்மா' வந்தது, மெக்சிகோவில் இப்போது இல்லாமல் போன ஒரு நீண்ட ரயில் பாதையின் சத்தம். அதைக் கேட்டபோது தாத்தா காலத்து மீட்டர் கேஜ் வண்டியை யாராவது இப்படிப் பதிந்து வைத்திருக்கக் கூடாதா என்று அழுகையே வந்தது.


ராகம்_303

சரண்ஜித் சிங்கை இன்னும் யாருமே சொல்லவில்லையே! மும்பை சினிமாப் பாட்டுகளில் வாசித்துக்கொண்டிருந்த கலைஞர். 1982-ல் ரோலண்ட் என்ற ஜப்பான் நிறுவனத்தின் மூன்று மின்னணுக் கருவிகளை, டிபி-303, டிஆர்-808, ஜுபிட்டர்-8, இவற்றை வைத்து பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துத் தட்டாக வெளியிட்டார். விற்கவில்லை. டச்சுக்காரர் ஒருவர் டெல்லிக் கடையில் கண்டெடுத்து 2010-ல் மறுவெளியீடு செய்த பிறகு உலகமே வாயைப் பிளந்தது, ஏனென்றால் அச்சு அசல் ஆசிட் ஹவுஸ், அதாவது 303-ன் நெளியும் ஒலியில் ஓடும் நடன இசை. சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் வந்தது 1987-ல். ஆக, ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தது ஒரு இந்தியர்!


மைக்செட்_கொழிஞ்சாம்பாறை

சரண்ஜித் சிங்கைக் கொண்டு வந்ததற்கு நன்றி சகோ, ஆனால் 'கண்டுபிடித்தார்' என்று சொல்வது சரியில்லை என்று நினைக்கிறேன். சிகாகோவில் ஆசிட் ஹவுஸைத் தொடங்கிய ஃப்யூச்சர் குழு அந்தத் தட்டைக் கேட்டதில்லை. இரண்டு இடத்திலும் பொதுவாக இருந்தது அந்த 303 பெட்டிதான். கிட்டார் வாசிக்கிறவர்கள் வீட்டில் தனியாகப் பயிற்சி செய்ய, பேஸ் வாசிக்கும் ஆளுக்குப் பதிலாக 1981-ல் ரோலண்ட் கொண்டு வந்தது. நிஜ பேஸ் மாதிரி ஒலிக்கவில்லை என்று யாரும் வாங்கவில்லை, 1984-ல் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் பழைய கடைகளில் அடிமாட்டு விலைக்குக் கிடந்ததால்தான் காசில்லாத சிகாகோ பையன்கள் கைக்குப் போனது. அவர்கள் அதன் ஃபில்டரைத் திருகித் திருகி அழ வைத்தார்கள்.

அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் 'ஸ்லைட்' என்று ஒரு வசதி உண்டு, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாண்டாமல் வழுக்கிப் போகும். ராகம் வாசிக்கிறவர் கைக்கு அது கிடைத்தால் என்ன செய்வார்? நம் கமகம் அளவுக்கு வராது, ஆனால் பியானோக் கட்டையில் கிடைக்காத ஒன்று அதில் கிடைக்கிறது. அதைப் பார்த்துவிட்டதுதான் அவருடைய மேதைமை, யாருக்கு முன்னால் யார் என்பது அல்ல.

கர்னாடக இசை கேட்கிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். அந்தத் தட்டில் மால்கௌன்ஸ் நம் ஹிந்தோளம், பைரவ் நம் மாயாமாளவகௌளை, பைராகி நம் ரேவதி, கலாவதி நம் வலஜி. தெரிந்த ராகத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால் பயம் இருக்காது.

இதோடு சேர்த்து அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்து ஒலிநாடாக்களையும் கேளுங்கள். 1969-ல் டேவிட் டியூடர் என்ற அமெரிக்கர் அங்கே ஒரு மூக் சின்தசைசரை நிறுவினார், கீதா சாராபாய் உட்பட நம் ஆட்கள் 1972 வரை அதில் வேலை செய்தார்கள். நாடாக்கள் அலமாரியில் கிடந்தன. 2023-ல்தான் ஆல்பமாக வந்தது.


ராகம்_303

சரி அண்ணா, கண்டுபிடித்தார் என்பதை வாபஸ் வாங்குகிறேன். ரேவதி கேட்டேன். எங்கள் பாட்டு டீச்சருக்கு அனுப்பியிருக்கிறேன், பதில் வந்தால் எழுதுகிறேன்.


தறி_நகரி

எல்லாவற்றையும் படித்தேன். நான் ஆந்திரா, சித்தூர் பக்கம் நகரி. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. பட்டறையில் ஆறு விசைத்தறி.

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஷெஃபீல்டில் எஃகு ஆலை, டெட்ராய்ட்டில் கார் தொழிற்சாலை, அந்தச் சத்தத்திலிருந்து இசை வந்தது என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். எங்கள் தறியை போனில் எண்ணிப் பார்த்தேன், நிமிடத்துக்குச் சுமார் 130 பிக், அதாவது 130 ஊடை அடி. டெக்னோ வேகமும் கிட்டத்தட்ட அதுதான். ஊடை நூலைக் கொண்டு போகிற நாடா இடமிருந்து வலம் போய் மோதும், அச்சு வந்து ஊடையை அடிக்கும், நாடா திரும்பும். பக்கத்துத் தறி கொஞ்சம் மெதுவாக ஓடும், அதனால் இரண்டும் சேர்ந்து அடித்து, மெல்ல விலகி, ஒன்றுக்கு நடுவில் ஒன்று விழுந்து, மறுபடி சேரும். அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1967-ல் இரண்டு பியானோவை வைத்து இதையேதான் செய்தார், 'பியானோ ஃபேஸ்' கேட்டபோது எனக்கு உடனே புரிந்துவிட்டது. இசை புரிய வேண்டும் என்றால் எனக்கு அந்த அளவுக்குப் புரியும்.

ஆனால் ரசிக்க முடியவில்லை. அப்பா முப்பது வருடம் அந்தச் சத்தத்தில் நின்றார். இப்போது காது போய்விட்டது. 85 டெசிபலில் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாதாம், மூன்று டெசிபல் கூடினால் நேரத்தைப் பாதியாக்க வேண்டுமாம். ஆறு தறி ஓடும் ஷெட்டில் காதருகே கத்தினால்தான் பேச்சு கேட்கும். யாரும் காதில் பஞ்சு கூட வைத்துக்கொண்டதில்லை. தறி சரியில்லை என்றால் சத்தத்தை வைத்துத்தான் தெரியும், காதை அடைத்துக்கொண்டால் நூல் அறுந்தது எப்படித் தெரியும் என்பார்.

அவருக்குச் சத்தம் கேட்கும், வார்த்தை கேட்காது. மைக்செட் அண்ணா வரப்பில் நின்று கேட்டதாக எழுதியதைப் படித்தபோது எனக்கு அவர்தான் கண் முன்னால் வந்தார். நீங்கள் ஆசைப்பட்டு ஓடிப் போய் நின்ற இடத்தில் அவர் எப்போதுமே நிற்கிறார். அவர் திரும்பி வர வழி இல்லை.


மைக்செட்_கொழிஞ்சாம்பாறை

இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதவில்லை.

என் அப்பாவுக்கும் இடது காது மந்தம். ஆம்ப் எப்போதும் அந்தப் பக்கம்தான் இருக்கும். நான் அதை இங்கே எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும். நீங்கள் சொன்ன பிறகு காதடைப்பான்கள் வாங்கினேன், நோம்பிக்கு எங்களோடு வருகிற பையன்களுக்கும் சேர்த்து. சத்தம் முழுதாகப் போகாது, அளவு குறையும், அவ்வளவுதான், மிக்ஸ் செய்ய முடிகிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன், தெரிந்தவரை. இரைச்சலால் போகும் காதில் முதலில் போவது மேல் பகுதி, 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். 'ச', 'ஸ' மாதிரி எழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது, அதனால்தான் பேச்சு கேட்டும் வார்த்தை புரிவதில்லை. கீழ்ப் பகுதி பெரும்பாலும் நெடுநாள் தங்கும். சினிமாப் பாட்டு அவருக்குக் குழம்பித்தான் கேட்கும், ஏனென்றால் அதில் வார்த்தைதான் முன்னால் நிற்கிறது. டப் அப்படி இல்லை. அதில் வேண்டியதெல்லாம் கீழேயே இருக்கிறது. சத்தம் கூட்ட வேண்டாம், கூட்டவே கூடாது. மரப்பெட்டியில் ஒரு 8 இன்ச் ஊஃபர் இருந்தால் போதும், மெதுவாக வைத்து, அவரை விரும்பினால் பெட்டி மேல் கை வைக்கச் சொல்லுங்கள். காதை மருத்துவரிடம் காட்டுவது தனி, அதை விட்டுவிடாதீர்கள்.


ஏலக்காடு_பூப்பாறை

தறி நகரி தம்பி, நீங்கள் எழுதியதை ஜீப் டிரைவர் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். இன்று காலை பாதி சத்தத்தில்தான் வைத்தார். பெண்கள் பேசிக்கொண்டே மேலே போனோம்.


வாளையார்_பஸ்

இதற்கு நடுவில் சொல்வது பொருத்தமா தெரியவில்லை, ஆனாலும் விட மனமில்லை. வேகமாக வேண்டும் என்பவர்களுக்கு தான்சானியாவின் தார் எஸ் சலாமிலிருந்து சிங்கேலி இருக்கிறது, நிமிடத்துக்கு 200 அடிக்கு மேல், சிலது 300-ஐத் தொடும். 2017-ல் உகாண்டாவின் ந்யெகே ந்யெகே டேப்ஸ் வெளியிட்ட 'சவுண்ட்ஸ் ஆஃப் சிஸ்ஸோ' தொகுப்பில் ஆரம்பிக்கலாம். தென்னாப்பிரிக்கா டர்பனிலிருந்து கோம், இருட்டான, அடி தப்பித் தப்பி விழுகிற இசை. பையன்கள் வீட்டுக் கணினியில் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, ஷேர் டாக்ஸிக்காரர்கள் போட்டுப் போட்டுத்தான் ஊருக்குள் பரவியது. நம் பொள்ளாச்சி பஸ்கள் மாதிரிதான். லண்டனின் ஈழத்தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ.வின் 'பேர்ட் ஃப்ளூ'வில் உறுமி வரும், அதையும் கேட்காதவர்கள் கேட்டுவிடுங்கள், நம் ஊர் தோல் அது.


பதிமூணு_கண்

ஹைலு மெர்ஜியா என்று ஒருவர், எத்தியோப்பியா. 1985-ல் ஒரு கேசட் வெளியிட்டார், அக்கார்டியனும் சின்தசைசரும் டிரம் மெஷினும், எல்லாமே அவர் ஒருவரே. பிறகு வாஷிங்டனில் பல வருடம் டாக்ஸி ஓட்டினார். விமான நிலையத்தில் சவாரிக்குக் காத்திருக்கும்போது டிக்கியிலிருந்து கீபோர்டை எடுத்து வாசித்துக்கொண்டிருப்பாராம். 2013-ல் அந்தக் கேசட் மறுபடி வெளிவந்து, மேடைக்குத் திரும்பினார். தறி நகரிக்காகச் சொல்கிறேன், மேல் சத்தம் உறுத்தாது, மெதுவாக வைத்துக் கேட்கலாம்.


தறி_நகரி

ஞாயிறு தறி ஓடாது. அன்றைக்கு வைத்துப் பார்த்தோம்.

மாமா வீட்டிலிருந்து பழைய மரப்பெட்டி ஒன்று கொண்டு வந்தேன். சத்தம் குறைவாக வைத்து குவாட்ரன்ட் டப் போட்டேன். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பெட்டி மேல் உள்ளங்கையை வைத்தார். தறி மரத்தின் மேல் கை வைத்து ஓட்டம் சரியா என்று பார்ப்பாரே, அதே மாதிரி விரலை விரித்து. வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா டீ கொண்டு வந்து வைத்தார், ஆறிப்போனது.

நம் தறியில் நாடாவுக்குள் இருக்கும் ஊடை நூல் சுற்றைத் தார் என்போம், அது தீர்ந்தால் தறி நின்றுவிடும், புதுத் தார் மாட்டிய பிறகுதான் ஓடும், அதனால் சில நிமிடத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு தறி நின்று ஓடும். அவர் அதற்காகத்தான் காத்திருந்திருக்கிறார் போல. பத்து நிமிடம் தாண்டியதும் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"இவனுக்குத் தார் தீரவே தீராதா?"

முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார்.